‘ஞ’ பக்கத்துப் பொய்கள்

“ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க சார்.”

சலேத்தம்மா இதைச் சொல்லும்போது அவள் கன்னத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதைக்கூட அவள் விரட்டவில்லை. அவ்வளவு அமைதியான முகம்.

எதிரில் நின்றவர் யூனியன் ஆபீஸ் பியூன். காக்கிச் சட்டை, கக்கத்தில் ஒரு பழுப்பு உறை. தெருவில் அவர் கூட்டி வந்த மாட்டு வண்டி நின்றது. எங்கள் ஊர் மாதர் சங்கத்துத் தையல் மிஷினை ஏற்றிக்கொண்டு போய், ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் இறக்கிவிட வந்திருந்தார்.

“எங்க ரிப்பேருக்கு?”

“தருமபுரிக்குங்க.”

மிஷின் தருமபுரிக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டாயில், சோளத்தட்டுக் கட்டுகளுக்குப் பின்னால், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். யார் வந்து யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், தருமபுரிக்கு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று பேசி வைத்திருந்தோம்.

பியூன் அடுத்ததாக மாதம்மாளைப் பார்த்தார். “அப்படியாம்மா?” என்றார்.

மாதம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்று சொல்வதற்கு, அந்த மிஷினோடு ஒரு புத்தகமும் வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். பியூன் கொஞ்ச நேரம் நிற்கட்டும். ஆபீஸ் வாசலில் அவர்கள் எங்களை எவ்வளவோ நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள்.

மிஷினோடு வந்த புத்தகம்

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். பாதிப் பேர் மாதா கோவிலுக்குப் பூசை காணப் போகிறவர்கள், பாதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். புளி உடைக்கிற காலம் வந்துவிட்டால் இந்த வித்தியாசம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எல்லாருடைய கையும் ஒரே மாதிரி பிசுபிசுக்கும்.

தருமபுரி தனி ஜில்லாவாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. புது ஜில்லாவுக்குப் புது சுறுசுறுப்பு. எங்கள் ஊருக்கும் ஒரு மாதர் சங்கம் வந்தது. பஞ்சாயத்து ரேடியோ வைத்திருந்த அறைக்குப் பக்கத்து அறை அதற்கு. அதை நடத்த ஒரு கிராம சேவிகா. சேலத்துப் பெண், கல்யாணம் ஆகாதவள், எங்களில் பல பேரைவிட வயதில் சின்னவள். அவளை நாங்கள் ‘சேவிகாம்மா’ என்று கூப்பிட்டோம். சம்பளம் வாங்குகிறவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?

சங்கத்துக்கு ஒரு கால் மிஷின் வந்தது. கூடவே ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகங்கள். கோழி வளர்ப்பு, எருக்குழி, அளவான குடும்பம். அடியில் ஒரு தலையணை அளவுக்கு அகராதி. கோழி எங்களுக்கு வளர்க்கத் தெரியும். எருக்குழி வீட்டுக்கு வீடு இருந்தது. அளவான குடும்பப் புத்தகத்தை சேவிகாம்மாவே பெட்டிக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது அகராதி.

மிஷினைப் பற்றி எனக்கு இருந்த ஆசையை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். தைத்துச் சம்பாதிக்கும் ஆசை இல்லை. நான் அதிகம் பேசாதவள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் எந்நேரமும் யாராவது ஏதாவது கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். மிஷினில் உட்கார்ந்துவிட்டால் அது கடகடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குள் இருப்பவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் காதில் விழவில்லை என்றால் நம்புவார்கள். ஊரில் எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்த இடம் அந்த முக்காலி ஒன்றுதான்.

ஆனால் முக்காலி ஒன்று. அதில் உட்காரப் போட்டி போடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்.

மதகுக் கூலி

‘வாரம் ஒரு வார்த்தையாவது கற்றுக் கொடுக்க வேண்டும்’ என்று சேவிகாம்மாவுக்கு மேலிடத்து உத்தரவு. வட்டமாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தோம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அகராதியை என் மடியில் வைத்து, ஏதாவது ஒரு வார்த்தையைப் படி என்றாள்.

“ஆம்பி” என்று படித்தேன்.

நான் அர்த்தம் படிப்பதற்குள் சலேத்தம்மா சொன்னாள்: “அது எனக்குத் தெரியும். ஏரி மதகு தொறக்கறவனுக்கு அறுப்பு முடிஞ்சதும் களத்துல அளந்து போடற கூலி. எங்கப்பன் வாங்கியிருக்காரு. ‘ஆம்பி வாங்கியாந்துட்டயா’ன்னு எங்காத்தா கேக்கும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு கிழவி தன் மாமனாரும் அதை வாங்கியதாகச் சொன்னாள். சேவிகாம்மாகூட, “ஓ, அப்படிங்களா” என்றாள்.

நான் புத்தகத்தைப் பார்த்தேன். காளான் என்று போட்டிருந்தது.

“காளான்னு இருக்குதுங்க” என்றேன், யாருக்கும் கேட்காத குரலில்.

“என்னாது?”

“காளான்.”

“காளானுக்குக் காளான்னுதான் பேரு. ஆம்பின்னு எவ சொல்லுவா? அடி தெரேசு, நல்லாப் பாத்துப் படி. ரெண்டு வரி தள்ளிப் படிச்சிருப்ப.”

ஓட்டு எடுத்திருந்தால் அன்றைக்கு அகராதி தோற்றிருக்கும். சேவிகாம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு சலேத்தம்மாளைப் பார்த்தாள். “உங்க அப்பா மதகு தொறந்தாருங்களா?” என்று கேட்டாள்.

“எங்கப்பன் கல்லு ஒடைக்கிறவரு” என்றாள் சலேத்தம்மா.

சேவிகாம்மா சிரித்ததில் அவள் மடியில் இருந்த புளிக்கொட்டையெல்லாம் சிதறிவிட்டது. அப்படித்தான் எங்கள் ஆட்டம் பிறந்தது.

ஆட்டத்தின் சட்டம்

ஆட்டம் லேசானது. நான் கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து, யாருக்கும் தெரியாத ஒரு வார்த்தையை உரக்கப் படிப்பேன். உண்மை அர்த்தத்தை ஆட்டக்காரிகளில் ஒருத்தியின் காதில் மட்டும் சொல்வேன், இல்லாவிட்டால் நானே வைத்துக்கொள்வேன். பிறகு ஆட்டத்தில் இருக்கிற நாலைந்து பேரும் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்ல வேண்டும். அதில் ஒன்று நிஜம், மற்றதெல்லாம் கட்டினது. சுற்றி உட்கார்ந்து புளி உடைக்கிறவர்கள் எது நிஜம் என்று கை தூக்குவார்கள். யார் சொன்னதற்கு நிறையக் கை ஏறுகிறதோ அவள் அன்றைக்கு முதலில் மிஷினில் உட்காரலாம். நிஜமோ பொய்யோ, நம்ப வைத்தவளுக்கு முக்காலி.

சட்டம் இரண்டு. சிரிக்கக் கூடாது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லக் கூடாது. இந்த இரண்டாவது சட்டத்தை மீறுவதை நாங்கள் பெரிய மானக்கேடாக நினைத்தோம். பக்கத்து வீட்டில் கொதித்த குழம்பைத் தன் வீட்டில் கொதித்ததாகச் சொல்கிற மாதிரி.

சலேத்தம்மா சொல்வதில் அடிக்கடி அவள் அப்பன் வருவார். மாதம்மா சொல்வதில் மாடோ எருமையோ வரும். தச்சர் வீட்டுச் சின்னப்பொண்ணு அப்போது மாசமாக இருந்தாள், அவளுக்கு எந்த வார்த்தையும் கடைசியில் தின்கிற பொருளாகத்தான் முடியும்.

எனக்கு ஒன்றும் கட்ட வராது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வசதி இருந்தது. நான் நிஜத்தைச் சொன்னாலும் பொய்யைச் சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே குரலில்தான் சொல்வேன். கூச்சம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பூச்சு பூசிவிடும். என்னிடம் எது பொய் என்று எவளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாயாடிகள் எல்லாம் வரிசையில் நிற்க, வாயில்லாதவள் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மாதம்மாளின் ஜாக்கெட், சின்னப்பொண்ணின் குழந்தைக்குச் சட்டை எல்லாம் அப்படித் தைத்துப் பழகியதுதான்.

புளிக்கறை ஏறிய பக்கம்

எங்களுக்குப் பிடித்தது ‘ஞ’ பக்கம். அதில் இருக்கிற வார்த்தை ஒன்றையும் ஊரில் எவரும் பேசிக் கேட்டதில்லை. அகராதி எழுதினவர் எங்களுக்காகவே தனியாக எழுதி வைத்த மாதிரி இருந்தது.

ஒரு தடவை ‘ஞெலிகோல்’ வந்தது.

“மாமியா செத்த மூணாம் நாளு மருமக புடிச்சிக்கிட்டு கொளத்துக்குப் போற குச்சி” என்றாள் சலேத்தம்மா.

“அதெல்லாம் இல்ல. எரும சினையா இருக்குதா இல்லையான்னு வவுத்துல வெச்சிப் பாக்கற கோலு” என்றாள் மாதம்மா.

“பனியாரம் திருப்புற குச்சிதான்” என்றாள் சின்னப்பொண்ணு.

நான் நிஜத்தை வைத்திருந்தேன். “ஒரசி நெருப்பு உண்டாக்கற கோலு” என்றேன்.

“தோ பாரு, தெரேசுக்குக் கட்டவே வரல. நெருப்புப் பொட்டி இருக்கறப்ப குச்சிய எவன் ஒரசுவான்?” என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு ஒரு கைகூட ஏறவில்லை. எருமை ஜெயித்தது.

அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்து திறந்து, எங்கள் விரல் பட்ட இடமெல்லாம் புளிக்கறை ஏறிவிட்டது. பிறகு புத்தகத்தை எப்படித் திறந்தாலும் அதுவே ‘ஞ’வில் வந்து விழும்.

எனக்குத் தொல்லை கொடுத்த வார்த்தைகளும் உண்டு. ‘தொய்யில்’ என்று ஒன்று. அர்த்தத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். பொம்பளைகள் மாரில் சந்தனக் குழம்பால் கோலம் போட்டுக்கொள்வதாம். அதைக் காதில் சொல்வதற்கே எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு வழியாகச் சொன்னதும் மாதம்மா சட்டத்தை மறந்து, “இது நீயே கட்டினதுதான?” என்று கேட்டுவிட்டாள்.

‘எகினம்’ வந்த நாளில் ஆட்டமே நின்றுபோனது. அகராதியில் அன்னம் என்று போட்டிருந்தது. பிறகு நாய் என்று போட்டிருந்தது. அதற்கும் பிறகு புளியமரம் என்று போட்டிருந்தது. எல்லாம் ஒரே வார்த்தைக்கு.

சலேத்தம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். “அப்ப புஸ்தகம் எழுதனவங்களும் வட்டமா ஒக்காந்து ஆளுக்கொண்ணு சொல்லியிருக்கறாங்க” என்றாள். “ஓட்டு மட்டும் எடுக்காம வுட்டுட்டாங்க.”

சாமியார் கேட்ட கேள்வி

சலேத்தம்மாளுக்கு இந்தத் திறமை திடீரென்று வந்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் பிறந்த ஊரில் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பூசை லத்தீனில் நடக்கும். சாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொல்வார், இந்தப் பக்கம் கோவில் உபதேசியார் ஏதோ சொல்வார். எங்களுக்கு ஒன்றும் புரியாது. சலேத்தம்மா என் காதில் அர்த்தம் சொல்லிக்கொண்டே வருவாள். “மழ வந்துதான்னு சாமி கேக்கறாரு. இன்னும் இல்லீங்கன்னு இவரு சொல்றாரு.” அந்த வருஷம் மழை இல்லாததால் நான் நம்பினேன்.

பூசை தமிழுக்கு மாறியதும் எல்லாருக்கும் சந்தோஷம். சலேத்தம்மாளுக்கு மட்டும் வருத்தம். “அர்த்தம் தெரிஞ்சதும் பூச சின்னதாப் போச்சு” என்று சொன்னாள்.

ஆட்டம் சூடு பிடித்த சமயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தெரிந்தே பொய் சொல்கிறோமே, பாவமா? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

“என்னா வார்த்த அது?” என்று கேட்டார்.

“ஞமலி, சாமி.”

“நீ என்னான்னு சொன்ன?”

“கெணத்துல தண்ணி மேல படியற பாசின்னு சொன்னனுங்க, சாமி.”

“பாசி இல்லையா?”

“இல்லீங்க சாமி. நாயி.”

“நாயா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பரிகாரமாக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். பாவமா இல்லையா என்பதற்குப் பதில் சொல்லவில்லை. மந்திரம் ஒன்றோடு விட்டதால் பாதிப் பாவம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் உண்மை

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சேவிகாம்மா வெளிறிய முகத்தோடு வந்தாள். தருமபுரியிலிருந்து பெரிய அதிகாரி அம்மா சங்கத்தைப் பார்வையிட வருகிறார்கள். பெண்களுக்கு வாசிப்பில் முன்னேற்றம் இல்லையென்றால் மிஷினை எடுத்துக்கொண்டு போய் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“அக்கா, உங்களக் கையெடுத்துக் கும்படறேன். அந்த ஒரு நாள் மட்டும் நெஜமான அர்த்தத்தச் சொல்லிடுங்க.”

மிஷின் போய்விட்டால் நான் எந்தச் சத்தத்துக்குள் போய் உட்காருவேன்? எல்லாரையும் நானே உட்கார வைத்து நிஜ அர்த்தங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவ்வளவு பேசினது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அவர்கள் கசாயம் குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள். ஞமலி, நாய். ஞெலிகோல், தீக்கடையும் கோல்.

“இதுல என்னாடி ருசி இருக்குது? உப்பு இல்லாத களி மாதிரி” என்றாள் சலேத்தம்மா. ஆனாலும் படித்தாள். எனக்காகத்தான் படித்தாள் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார்கள். வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி, அலுப்பான நல்ல முகம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறாள் என்று சேவிகாம்மாளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அகராதியைத் தானே எடுத்து ஒரு இடத்தில் திறந்தார்கள். அது ‘ஞ’வில் வந்து விழுந்தது. மூடிவிட்டு வேறு இடத்தில் திறந்தார்கள். மறுபடியும் ‘ஞ’.

“சரி, இதையே கேக்கறேன். ஞமலின்னா என்ன?”

“நாயிங்கம்மா” என்றாள் மாதம்மா.

“ஞெலிகோல்?”

சலேத்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பனும் களத்து மேடும் அவள் தொண்டை வரை வந்துவிட்டது தெரிந்தது. விழுங்கிக்கொண்டாள். “தீ கடையற கோலுங்கம்மா.”

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார்கள். புளிக்கறை படிந்த கைகள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், வாயில் மட்டும் பழைய தமிழ். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. சேவிகாம்மாவைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார்கள்.

அன்றைக்கு எங்கள் தெருவில் திருவிழா மாதிரி இருந்தது. நான் சாயங்காலம் வரைக்கும் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து உத்தரவு வந்தது. சேவிகாம்மா அதை நின்றபடியே படித்தாள். இந்தச் சங்கத்துப் பெண்கள் மொழியறிவில் மிகவும் முன்னேறியிருப்பதால் இதை முழு வாசிப்பு மையமாக்குவது. இவர்களுக்குத் தையல் மிஷின் போன்ற தூண்டுதல் இனித் தேவையில்லாததால், அதைப் பின்தங்கிய பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு மாற்றுவது. இவர்களுக்குப் பரிசாக இன்னொரு அகராதி வழங்குவது. முதலாவதைவிடப் பெரியது.

சலேத்தம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“பொய் சொன்ன வரைக்கும் மிஷின் நம்மளுது. ஒரு நாளு உண்ம சொன்னம். போச்சு.”

சேவிகாம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்து நாள் லீவு போட்டு சேலத்துக்குப் போய்விட்டாள். போகும்போது சங்கத்து அறைச் சாவியை என் கையில் கொடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் மாட்டுக் கொட்டாய். என் வீட்டுக்காரர் மாடு வாங்கப் பென்னாகரம் சந்தைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால், சர்க்கார் சொத்து, கொண்டு போய்க் கொடு என்றிருப்பார். சலேத்தம்மாவும் மாதம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்க, நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பியூன் இன்னும் நிற்கிறார்

இப்போது வாசலுக்குத் திரும்பி வருகிறேன்.

“அப்படியாம்மா?” என்று பியூன் மாதம்மாளைக் கேட்டார். ஆமாங்க என்று தலையை ஆட்டினால் முடிந்துவிட்டது. ஆனால் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி எப்படிச் சொல்வது? அத்தனை நாள் பழக்கம். மாதம்மாளின் தலை ஆடவில்லை, வாய்தான் ஆடியது.

“அந்தக்காளுக்கு வெவரம் தெரியாதுங்க. மிஷினு சாமியார் பங்களாவுல இருக்குது. அந்தோணியார் திருழாவுக்குத் தேர்த்துணி தெக்கறதுக்கு எடுத்துட்டுப் போனாங்க. எங்க எரும கட்டுன வண்டியிலதான் போச்சு.”

பியூன் உறையைத் திறந்து ஏதோ எழுதப் போனவர் நிறுத்தினார். சின்னப்பொண்ணைப் பார்த்தார். அவள் இடுப்பில் குழந்தையை மாற்றிக்கொண்டாள்.

“சேவிகாம்மா சேலத்துக்குப் போறப்ப பஸ்ஸு மேல ஏத்தி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டு போனாங்க சார். நான்தான் வழியில சாப்பிடப் புளிசோறு கட்டிக் குடுத்தன். கண்டக்டருக்கும் ஒரு பொட்டணம்.”

மூன்று பேரும் சிரிக்கவில்லை. கண்ணிமைகூட ஆடவில்லை. நம்பாமல் இருக்க முடியாது.

“ஏம்மா,” என்றார் பியூன், “ஒரே மிஷினு தருமபுரியிலயும் இருக்கும், சாமியார் பங்களாவுலயும் இருக்கும், சேலம் பஸ்ஸு மேலயும் இருக்குமா?”

“எது நெஜம்னு நீங்கதான் சொல்லணும் சார்” என்றாள் சலேத்தம்மா. அவள் கிண்டல் செய்யவில்லை. எங்கள் ஆட்டத்தில் அடுத்து வருகிற வாக்கியம் அதுதான். தன்னை அறியாமல் வந்துவிட்டது.

பியூனுக்கு வியர்த்தது. கடைசியில் அவர் கண் என் மேல் விழுந்தது. என் கையில் சாவி இருந்தது.

“இந்த ஊருல எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்பள ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்களே, நீதான?”

தலையாட்டினேன்.

“நீ சொல்லு. மிஷினு எங்க?”

தருமபுரி போய்விட்டது. சாமியார் பங்களா போய்விட்டது. சேலம் போய்விட்டது. என் தலைக்குள் தேடிப் பார்த்தேன். அரூர், திருவண்ணாமலை என்று ஊர்ப் பேர்கள்தான் வந்தன, அதற்கு மேல் கட்ட வரவில்லை. இதுவரை யாரும் சொல்லாத பதில் என்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் முக்காலி போகிறது என்று தெரிந்துகொண்டே, தலையைக் குனிந்து அதைச் சொன்னேன்.

“எங்க வூட்டு மாட்டுக் கொட்டாயில இருக்குதுங்க சார். சோளத்தட்டுக்குப் பின்னால.”

சலேத்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பியூன் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

“இதுங்களாவது படிக்காததுங்க, வாயில வந்தத ஒளறுதுங்க. படிச்ச பொம்பள நீ, இப்படிப் பேசலாமா? சர்க்காரு மிஷின எவளாச்சும் மாட்டுக் கொட்டாயில வெப்பாளா?”

“இல்லீங்க சார்” என்றேன். அதுவும் பழக்கம்தான். அதட்டினால் இல்லீங்க என்றுதான் எனக்கு வரும்.

அவர் நாலு பதில்களையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். சாமியார் பங்களாதான் என்று முடிவு செய்தார். திருவிழா நேரத்தில் சாமியாரிடம் போய் மிஷினைப் பிடுங்க யாராலும் முடியாது, ஆபீஸிலும் அதை ஒத்துக்கொள்வார்கள். “எனக்குத் தெரியாதா” என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிற்பாடு அவர் ஆபீஸில் என்ன சொன்னாரோ, யாரும் திரும்பி வரவில்லை. அதிகாரி அம்மாவும் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு அடுத்த வருஷம் புது மிஷினே வந்தது.

வண்டியிலிருந்து பெரிய அகராதியை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது.

“நல்லாப் படி. புத்தி வரும்” என்றார்.

கிளம்பும்போது வண்டிக்காரர், மாடு வெறும் வயிற்றோடு இருக்கிறது, ஏதாவது தீவனம் கிடைக்குமா என்று கேட்டார். பியூனுக்கு அப்போது கோபம் ஆறியிருந்தது.

“அந்தம்மா வூட்டுக் கொட்டாயில சோளத்தட்டு இருக்குதாமே” என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

நான் போனேன். முன் வரிசைக் கட்டிலிருந்து ஒரு பிடியை உருவினேன். பின்னால் போர்வைக்கு வெளியே சக்கரம் கொஞ்சம் தெரிந்தது. போர்வையை இழுத்து விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டின் முன்னால் போட்டேன்.

“என்னாம்மா, அந்த மிஷினயும் கையோட எடுத்தாந்திருக்கலாமே” என்றார் பியூன். வண்டிக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

நிஜமாகக் கேட்டிருந்தால் எடுத்து வந்து கொடுத்திருப்பேன். அவர்கள் கேட்டது சோளத்தட்டுதான்.